தரையிலிருந்து எழும்பும் மழைமேகம்: ஸ்லைடு அனிமேஷனில் திசை

பவர்பாயின்டில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து ‘ஃப்ளை இன்’ கொடுத்தால் அது ஸ்லைடின் அடியிலிருந்து எழும்பி வருகிறது. அப்படி வரச்சொல்லி நாம் கேட்கவில்லை. மென்பொருளே முடிவு செய்துவிட்டது. அதனால்தான் விலைப்பட்டியலும் அடியிலிருந்து எழுகிறது, மறைந்தவரின் அஞ்சலிப் படமும் அடியிலிருந்து எழுகிறது, புவியியல் வகுப்பில் மழைமேகம்கூடத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. மாணவர்கள் சிரிப்பதில்லை. இதையே பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

திசையை எப்படி மாற்றுவது என்று கேட்டால் இரண்டு கிளிக்கில் பதில் முடிந்துவிடும். எதற்காக மாற்றுவது, எந்தப் பக்கம் மாற்றுவது, யார் கண்ணுக்காக மாற்றுவது என்று கேட்டால்தான் பேச்சு நீள்கிறது. மென்பொருள் வரலாறு, உளவியல் ஆய்வு, எழுத்து முறை, உடல்நலம் எல்லாம் இதில் வந்து சேர்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லைடில் ஒரு பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் அந்த ஸ்லைடு சொல்லும் தகவலில் சேர்த்தி. திசை பிழையானால் தகவலும் பிழைதான்.

1987இல் மெக்கின்டோஷ் கணினிக்காக வெளிவந்த முதல் பவர்பாயின்டில் அசைவு என்ற பேச்சே இல்லை. ஃபோர்தாட் நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் அதை உருவாக்கியபோது, ஓவர்ஹெட் புரொஜெக்டருக்கான கறுப்பு வெள்ளைத் தாள்களை அச்சிட்டுக் கொடுப்பதே அதன் வேலை. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. பிற்பாடு அசைவுகள் வந்தபோது திசை தனி வசதியாக வரவில்லை. எஃபெக்டின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பவர்பாயின்ட் 97இல் ‘ஃப்ளை ஃப்ரம் லெஃப்ட்’ ஒரு எஃபெக்ட், ‘ஃப்ளை ஃப்ரம் டாப் லெஃப்ட்’ இன்னொரு எஃபெக்ட், ‘வைப் லெஃப்ட்’ மற்றொன்று. பட்டியல் நீண்டுகொண்டே போகும். திசையை மாற்ற வேண்டுமென்றால் எஃபெக்டையே மாற்ற வேண்டும்.

அந்தப் பெயர்களில் ஒரு குழப்பமும் இருந்தது. ‘ஃப்ளை ஃப்ரம் லெஃப்ட்’ என்றால் இடப்பக்கமிருந்து புறப்படுவது. ‘வைப் லெஃப்ட்’ என்றால் இடப்பக்கம் நோக்கிப் போவது. ஒன்று புறப்படும் ஊரைச் சொல்கிறது, மற்றது போய்ச்சேரும் ஊரைச் சொல்கிறது. இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றன.

2002 பதிப்பில்தான் இது சீரானது. நுழைவு, அழுத்தம், வெளியேற்றம், நகர்வுப் பாதை என்று அசைவுகள் நான்கு வகையாகப் பிரிந்தன. திசை எஃபெக்டின் பெயரிலிருந்து கழன்று தனியாக மாற்றக்கூடிய ஒரு பண்பாக ஆனது. 2010இல் அனிமேஷனுக்குத் தனித் தாவலே கிடைத்தது. இன்று நாம் காணும் முறை அதுதான். அசைவு பூட்டிய பொருளைத் தொட்டு ‘எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்’ பொத்தானை அழுத்தினால் திசைகள் பட்டியலாக இறங்கும். ‘ஃப்ளை இன்’னுக்கு நான்கு பக்கமும் நான்கு மூலையும் சேர்த்து எட்டுத் திசை. ‘வைப்’புக்கு நான்கு. ‘ஃப்ளோட் இன்’னுக்கு மேலே, கீழே என்று இரண்டே. ‘ஸ்ப்ளிட்’ கிடையாகவோ நெடுக்காகவோ, உள்நோக்கியோ வெளிநோக்கியோ பிளக்கும். ‘வீல்’ எஃபெக்டில் ஆரங்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றலாம், சுற்றும் பக்கத்தை மாற்ற முடியாது. படத்துக்கு ‘ஃபேட்’ கொடுத்துவிட்டுத் திசை தேடினால் பொத்தான் மங்கிக் கிடக்கும். பழுது ஒன்றும் இல்லை. மெல்லத் தெளிந்து வருகிற பொருளுக்குத் திசை ஏது?

புதிதாகச் செய்கிறவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. பத்துப் பொருள்களுக்கும் பொறுமையாகத் திசை அமைத்துவிட்டு, ‘ஃப்ளை இன்’ வேண்டாம் ‘வைப்’ போதும் என்று மனம் மாறி எஃபெக்டை மாற்றினால், அமைத்த திசையெல்லாம் போய்விடும். புது எஃபெக்ட் தன்னுடைய இயல்புத் திசையோடுதான் வரும். ஆகவே எஃபெக்ட் எது என்று முடிவான பிறகே திசையில் கை வைக்க வேண்டும். அனிமேஷன் பலகத்தில் ஒரே எஃபெக்ட் உள்ளவற்றை கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மொத்தமாகத் தேர்ந்தால் ஒரே தடவையில் எல்லாவற்றின் திசையும் மாறும். 2010இல் வந்த அனிமேஷன் பெயின்டர், ஒரு பொருளின் அசைவைத் திசையோடு சேர்த்து இன்னொன்றுக்குப் பூசிவிடும். நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள் என்றால் வி.பி.ஏ. மேக்ரோவில் திசைக்கென்றே உள்ள பண்பை மாற்றி எழுதலாம். அந்த அளவுக்குத் தேவைப்படுகிறவர்கள் குறைவு.

மற்ற மென்பொருள்கள் இதே கேள்விக்கு வேறு வேறு விடை வைத்திருக்கின்றன. லிப்ரெஆஃபிஸ் இம்ப்ரெஸ் பவர்பாயின்டின் வழியிலேயே போகிறது. பக்கப்பட்டையில் எஃபெக்டைத் தேர்ந்ததும் கீழே திசைக்கான பட்டியல் வருகிறது. ஆப்பிளின் கீநோட்டிலும் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் திசை தனியாகவே உண்டு. கூகுள் ஸ்லைட்ஸ் மட்டும் பவர்பாயின்ட் 2002இல் கைவிட்ட முறையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இடமிருந்து பறந்து வருவது ஒரு அசைவு, வலமிருந்து பறந்து வருவது வேறு அசைவு, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. மூலைத் திசைகள் கிடையவே கிடையாது. உலாவியில் ஓடும் மென்பொருள் எளிமையாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருக்கலாம். ஆனால் பவர்பாயின்டில் வலது மேல் மூலையிலிருந்து வரும்படி அமைத்த ஒன்றுக்கு அங்கே ஈடான அசைவு இல்லை. பள்ளியில் பவர்பாயின்டில் செய்து, வீட்டில் கூகுளில் திறந்து, கருத்தரங்கில் இன்னொருவர் மடிக்கணினியில் ஓட்டுகிறவர்கள் நாலு பக்கத் திசைகளோடு நின்றுகொள்வது உத்தமம்.

கோப்பின் உள்ளே திசை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது ரசமான விஷயம். பி.பி.டி.எக்ஸ். கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பிரித்துப் பார்த்தால் உள்ளே எக்ஸ்.எம்.எல். எழுத்துகள். ஒவ்வொரு நுழைவு அசைவுக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். மேலிருந்து என்றால் 1, வலமிருந்து 2, கீழிருந்து 4, இடமிருந்து 8. மூலைகளுக்குத் தனி எண் கிடையாது, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். மேல் வலது மூலை 1 கூட்டல் 2, அதாவது 3. கீழ் இடது மூலை 4 கூட்டல் 8, அதாவது 12. எட்டுத் திசையும் நான்கு எண்களில் அடங்கிவிட்டன. பறந்து வரும் வழியும் அதே இடத்தில் ஒரு சிறு வாய்பாடாக இருக்கிறது. கீழிருந்து என்றால், ஸ்லைடின் முழு உயரத்தோடு பொருளின் பாதி உயரத்தைக் கூட்டிய இடத்தில் தொடங்கி, அதன் சொந்த இடத்தில் முடி. பொருள் சற்றும் தெரியாமல் விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பாதி உயரம்.

ஆனால் ஸ்லைடிலிருந்து ஸ்லைடுக்குத் தாவும் டிரான்சிஷனுக்கு வந்தால் அதே கோப்பில் கணக்கு தலைகீழாகிறது. ‘புஷ்’ டிரான்சிஷனைக் கீழிருந்து என்று அமைத்தால் கோப்பில் பதிவாவது ‘மேல்’ என்பதன் முதலெழுத்து. நகர்வு மேல் நோக்கி என்பதால் அப்படி. திரையில் புறப்பாட்டைச் சொல்கிறது, கோப்பில் போய்ச்சேருமிடத்தைச் சொல்கிறது. 97இன் பழைய குழப்பம் மெனுவை விட்டு இறங்கிக் கோப்புக்குள் குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கோப்பைக் கையால் திருத்துகிற நிரலாளர்கள் இதில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள்.

இந்த எழுத்துமுறைக்கெல்லாம் மூலம் ஸ்மில் என்ற தரம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதன் முதல் பதிப்பை 1998இல் வெளியிட்டது. பவர்பாயின்டின் கோப்பு வடிவமும் லிப்ரெஆஃபிஸின் திறந்த ஆவண வடிவமும் அசைவுக்கு அதையே அடியொற்றுகின்றன. ஸ்மிலின் துடைப்பு வகைகளோ திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் 1993இல் வகுத்த பட்டியலை ஒட்டியவை. அதாவது, செய்தி அலைவரிசையில் ஒரு காட்சியைத் துடைத்து அடுத்த காட்சி வருவதும் நம் ஸ்லைடில் ஒரு வரி துடைத்துக்கொண்டு வெளிப்படுவதும் ஒரே வம்சம். ஸ்மிலில் திசையைத் திருப்ப ‘ரிவர்ஸ்’ என்று ஒற்றைச் சொல் போதும்.

சரி, மாற்றலாம். எந்தப் பக்கம் மாற்றுவது? இதற்கு ஆய்வுகள் கொஞ்சம் வழி காட்டுகின்றன. பார்பரா ட்வெர்ஸ்கி, குகல்மாஸ், விண்டர் மூவரும் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம், ஹீப்ரு, அரபு பேசும் சிறுவர்களையும் பெரியவர்களையும் காலம், அளவு, விருப்பம் முதலியவற்றைத் தாளில் இடம் குறித்துக் காட்டச் சொன்னார்கள். காலை, மதியம், இரவு என்ற வரிசையை ஆங்கிலம் படிப்பவர்கள் இடமிருந்து வலமாக வைத்தார்கள், அரபு படிப்பவர்கள் வலமிருந்து இடமாக வைத்தார்கள். ஹீப்ரு பேசுவோர் நடுவே நின்றார்கள். கூடுதல் என்பதை மட்டும் எந்த மொழியினரும் கீழ்நோக்கி வைக்கவில்லை. 2003இல் ஆன் மாஸும் அவ்ரோர் ருஸ்ஸோவும் இத்தாலியர்களையும் அரபு பேசுவோரையும் ஒப்பிட்டார்கள். ஒருவர் இன்னொருவரைத் தள்ளுவது போன்ற செயலை மனத்தில் உருவகிக்கும்போது, தள்ளுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதும் எழுத்தின் போக்கோடு சேர்ந்தே மாறியது.

ஸ்லைடு செய்கிறவருக்கு இதிலிருந்து இரண்டு சங்கதி கிடைக்கிறது. காலம், படிநிலை, காரணம்–விளைவு ஆகியவை கிடையாகப் போகும்போது எழுதும் பக்கத்தோடு போக வேண்டும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடமிருந்து வலம். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ உருது வகுப்புக்கு ஸ்லைடு செய்கிறவர் அதைத் திருப்பிப் போட வேண்டும். தமிழ் ஸ்லைடை எடுத்து எழுத்தை மட்டும் உருதுவாக்கினால் அம்புக்குறிகள் வாக்கியத்துக்கு எதிராக ஓடும். இரண்டாவது, அளவு. நெடுக்குப் பட்டை வரைபடம் கீழிருந்து மேலே வளர்வதை எல்லா மொழியினரும் இயல்பாகவே வாங்கிக்கொள்வார்கள். ‘வைப்’பின் இயல்புத் திசை கீழிருந்து என்பது இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. மற்ற எங்கும் அவ்வளவு பொருந்துவதில்லை. கோட்டு வரைபடத்துக்கு அதை இடமிருந்து என்று மாற்றியே ஆகவேண்டும். மாற்றாவிட்டால் 2010 முதல் 2020 வரையான கோட்டின் தாழ்ந்த புள்ளிகள் முதலிலும் உயர்ந்த புள்ளிகள் பிறகுமாக, ஆண்டு வரிசையே இல்லாமல் வெளிப்படும். மழையளவுக் கோடு இப்படி வெளிப்பட்டால் வறட்சி ஆண்டுகள் எல்லாம் ஒன்றாக முதலில் வந்து நிற்கும்.

ட்வெர்ஸ்கியும் மாரிசனும் பெட்ராங்கூரும் 2002இல் எழுதிய கட்டுரை அனிமேஷன் பற்றிய ஆர்வத்துக்குத் தண்ணீர் தெளித்தது. அசைவு இருந்தாலே புரிதல் கூடும் என்ற நம்பிக்கைக்குச் சான்று பலவீனம் என்று அவர்கள் காட்டினார்கள். இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார்கள். படத்தின் அமைப்பும் அசைவும் சொல்லவரும் பொருளின் அமைப்போடு ஒத்துப்போக வேண்டும், கண்ணால் தொடரக்கூடிய வேகத்திலும் எளிமையிலும் இருக்க வேண்டும். திசைக் கேள்வியில் பாதிக்கு மேல் முதல் நிபந்தனையிலேயே அடங்கிவிடுகிறது. ‘ஃப்ளை இன்’னின் இயல்புக் கால அளவு அரை விநாடி. ஸ்லைடின் முழு உயரத்தையும் அரை விநாடியில் கடந்து வரும் வரியைக் கண் தொடர்வதில்லை, திடுக்கிடத்தான் செய்கிறது. அதனால் இரண்டாவது நிபந்தனையிலும் அது தேறாது.

அசைவு பொருளோடு ஒத்துப்போவது என்றால் என்ன என்பதைப் புயல் வரைபடத்தில் பார்க்கலாம். வங்கக் கடலில் உருவாகும் புயலின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். பூமியின் வடகோளத்தில் எல்லாப் புயலும் அப்படித்தான், தென்கோளத்தில் வலஞ்சுழி. பவர்பாயின்டில் புயல் சின்னத்துக்கு ‘ஸ்பின்’ கொடுத்தால் அது வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, ஏனென்றால் இயல்பு அமைப்பு அதுதான். அந்த ஸ்லைடில் நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே ஆஸ்திரேலியப் புயல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்’ போய் ‘கவுன்டர்கிளாக்வைஸ்’ என்று ஒரு சொடுக்குப் போட்டால் சரியாகிவிடும். போடுகிறவர்களை அதிகம் காணோம்.

அடுத்து, புயல் நகரும் பாதை. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. கடைசிக் கட்டத்தில் அது மேற்கு–தென்மேற்காக வந்தது. வரைபடத்தில் வலமிருந்து இடம், சற்றே கீழிறங்கி. மிக்ஜாம் 2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்துவிட்டு, கரையை ஒட்டியே வடக்கே ஏறி, டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்தது. இரண்டுக்கும் ஒரே ‘ஃப்ளை இன் – வலமிருந்து’ போட்டுவிட்டால், மிக்ஜாமில் சென்னை ஏன் அவ்வளவு நேரம் மழையில் நின்றது என்ற விளக்கமே ஸ்லைடிலிருந்து காணாமல் போய்விடும். கரைக்கு நேராக வந்து மோதியது ஒன்று, கரையோரமாகவே உரசிக்கொண்டு போனது மற்றொன்று. பாடமே அந்த வேறுபாடுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் எட்டுத் திசைகளும் போதாது. ‘மோஷன் பாத்’ வேண்டும். ‘கஸ்டம் பாத்’ எடுத்து சுட்டியால் பாதையைக் கையாலேயே வரையலாம். பச்சை முனை தொடக்கம், சிவப்பு முனை முடிவு. கோப்பில் இந்தப் பாதை ஸ்லைடின் அகல உயரத்தின் பின்னமாகப் பதிவாகிறது. 0.25 என்றால் ஸ்லைடு அகலத்தில் கால்வாசி. அதனால் சிறு திரையிலும் பெருந்திரையிலும் பாதை பிசகாது. பாதையையும் சுழற்சியையும் ஒரே சின்னத்துக்குப் பூட்டி, இரண்டாவதை ‘வித் ப்ரீவியஸ்’ என்று வைத்தால் இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே புயல் கரையை நோக்கி வரும். இயல்புக் கால அளவான 2 விநாடியை 6 அல்லது 8 ஆக்கிவிட்டால் கண்ணும் கூடவே வரும். முதல் அசைவு ஏற்கெனவே இருக்கும்போது இரண்டாவதைச் சேர்க்க ‘ஆட் அனிமேஷன்’ பொத்தானைத்தான் பயன்படுத்த வேண்டும். கேலரியிலிருந்து நேரே எடுத்தால் முதலாவதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பாதையைத் திருப்ப ‘ரிவர்ஸ் பாத் டைரக்‌ஷன்’ உண்டு. அது எதிர்பாராத ஒரு காரியம் செய்யும். இடத்திலிருந்து வலப்பக்கம் போன பொருள், திருப்பிய பிறகு, தன் இடத்திலிருந்து இடப்பக்கம் போகாது. பாதையின் வலமுனைக்கு ஒரே தாவாகத் தாவி, அங்கிருந்து தன் சொந்த இடத்துக்குத் திரும்பி வரும். முனைகள் இடம் மாறியதே தவிர கோடு அங்கேயேதான் கிடக்கிறது. எந்தக் கோணத்திலிருந்தும் ஒரு பொருளைத் தன் இடத்துக்கு வரவழைக்க இதைவிட நல்ல வழி இல்லை. கோட்டின் ஒரு முனையை ஸ்லைடுக்கு வெளியே இழுத்து வைத்துத் திருப்பினால் போதும். இதன் பக்கத்திலேயே குழப்பம் உண்டாக்கும் இன்னொன்று ‘ஆட்டோ ரிவர்ஸ்’. அது திசையை மாற்றுவதில்லை. போன வழியே திரும்பிவரச் செய்கிறது, எடுக்கும் நேரமும் இரட்டிப்பாகிறது. ஊசலுக்கும் பிஸ்டனுக்கும் ஏற்றது, ஆற்றுக்கு ஏற்றதல்ல.

வட்டப் பாதையிலும் இதே கதை. சூரியனைச் சுற்றும் பூமிக்கு வட்ட ‘மோஷன் பாத்’ கொடுத்தால் அது வலஞ்சுழியாக ஓடும். சூரிய மண்டலத்தை வடதுருவத்துக்கு மேலிருந்து பார்ப்பதுபோல் வரைவதே பாடநூல் வழக்கம். அப்படிப் பார்த்தால் பூமி சுற்றுவது இடஞ்சுழி, தன்னைத்தானே சுழல்வதும் இடஞ்சுழி, நிலவு பூமியைச் சுற்றுவதும் இடஞ்சுழி. மூன்று திசையையும் மென்பொருளின் இயல்புக்கே விட்டால் மூன்றும் தப்பு. சூரியன் மேற்கே உதிக்கும் ஓர் உலகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

அம்புக்குறிகள் சின்ன விஷயம், ஆனால் ஸ்லைடில் அதிகம் கெடுவது அவைதான். அம்பு வெளிப்படும்போது வால் முதலிலும் தலை கடைசியிலும் வர வேண்டும். வலப்பக்கம் பார்க்கும் அம்புக்கு ‘வைப் – இடமிருந்து’. இடப்பக்கம் பார்ப்பதற்கு ‘வைப் – வலமிருந்து’. கீழ்நோக்கியதற்கு மேலிருந்து. நீர்ச்சுழற்சிப் படத்தில் ஆவியாகும் அம்பு கீழிருந்து மேலே, மழை மேலிருந்து கீழே, நிலத்தடி நீர் கடலை நோக்கி. ஒரே படத்தில் மூன்று நான்கு திசை வரும். எல்லாவற்றுக்கும் ஒரே திசை இருப்பதுதான் நேர்த்தி என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். வரிகளுக்கும் தலைப்புகளுக்கும் அது சரி. ஓட்டத்தைக் காட்டும் படத்துக்கு அந்த விதியைப் போட்டால் மழை மேல்நோக்கிப் பெய்யும்.

வெளியேற்றத்திலும் திசைக்கு ஒரு கதை உண்டு. இடமிருந்து வந்த பொருள் வலமாக வெளியேறினால் கடந்து போய்விட்டது என்று பொருள்படும். வந்த பக்கமே போனால் பின்வாங்கியது என்று பொருள்படும். தேர்தல் முடிவு ஸ்லைடில் முன்னாள் உறுப்பினரின் படத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்பது ஓரளவு அரசியல் கருத்தே. மென்பொருளின் பெயரிடலும் இங்கே கவனிக்கத் தக்கது. ‘ஃப்ளை அவுட்’டுக்குப் பட்டியல் போகும் பக்கத்தைச் சொல்கிறது, வெளியேறும் ‘வைப்’புக்கோ அழிப்பு தொடங்கும் பக்கத்தைச் சொல்கிறது. இரண்டையும் இடப்பக்கம் என்று அமைத்தால் இரண்டும் எதிரெதிராக நடக்கும்.

டிரான்சிஷனில் இன்னும் நுட்பமான சிக்கல். பவர்பாயின்டில் டிரான்சிஷன் வந்துசேரும் ஸ்லைடுக்குச் சொந்தம். கீநோட்டில் அது விட்டுப்போகும் ஸ்லைடுக்குச் சொந்தம். ஆகவே பவர்பாயின்டில் 5ஆம் ஸ்லைடுக்கு ‘புஷ் – வலமிருந்து’ வைத்தால், 4இலிருந்து வந்தாலும் அது வலமிருந்துதான் வரும், 12இல் உள்ள இணைப்புப் பொத்தானை அழுத்தித் திரும்பி வந்தாலும் வலமிருந்துதான் வரும். பார்க்கிறவருக்கு முன்னே போவதுபோல் இருக்கும், நாமோ பின்னே வந்திருப்போம். உள்ளடக்கப் பக்கத்துக்குப் போய்த் திரும்பும் வகையில் அமைந்த வினாடி வினா ஸ்லைடுகளில் இது மாணவர்களைக் குழப்புகிறது. திரும்புவதற்கென்று அதே ஸ்லைடின் நகல் ஒன்றை ‘புஷ் – இடமிருந்து’ என்று வைத்துக்கொள்வது ஒரு வழி. சுலபமான வழி, இப்படிப்பட்ட ஸ்லைடுகளுக்குத் திசையில்லாத ‘ஃபேட்’ போட்டுவிடுவது. பின்விசையை அழுத்தினால் அசைவுகள் தலைகீழாக ஓடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். வந்த பொருள் சட்டென்று மறையும், அவ்வளவுதான்.

தமிழ் வரிகளுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. ஒரு வரிக்கு ‘வைப் – இடமிருந்து’ கொடுத்தால் படிக்கும் வேகத்தோடு அது ஒத்துப்போகும். ‘கொ’ என்ற எழுத்தில் முதலில் ஒற்றைக் கொம்பு தெரியும், பிறகு க, பிறகு கால். நாம் எழுதும் வரிசையும் அதுவே. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் காட்ட இது கைகொடுக்கும், கால அளவை மட்டும் 2 விநாடிக்கு மேல் நீட்ட வேண்டும். ஆனால் பத்தி இரண்டு வரிக்கு மடங்கினால் கதை மாறுகிறது. ‘வைப்’ பத்தியை ஒரே படமாகக் கருதித் துடைப்பதால் மேல்வரியின் முதல் சொல்லும் கீழ்வரியின் முதல் சொல்லும் ஒரே நேரத்தில் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளம், ஆகவே ஆங்கிலத்தில் ஒற்றை வரியில் அடங்கியது தமிழில் இரண்டாக மடங்குவது சகஜம். ‘பை பாராகிராஃப்’ வைத்தாலும் மடங்கிய பத்திக்குள் இது தீராது. வரியை என்டர் தட்டித் தனிப் பத்தியாகப் பிரிக்கலாம், அல்லது வாக்கியத்தையே சுருக்கலாம். இரண்டாவதையே நான் சிபாரிசு செய்வேன். ஸ்லைடில் இரண்டு வரிக்கு ஓடும் வாக்கியத்தை எந்தத் திசையிலிருந்து கொண்டுவந்தாலும் யாரும் படிக்கப் போவதில்லை.

உடல்நலத்தை இந்தப் பேச்சில் விட்டுவிட முடியாது. பெரிய திரையில் முழுப் பரப்பும் ஒரு பக்கமாக நகர்ந்தால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். உட்காதின் சமநிலை உறுப்பு ‘நீ அசையவில்லை’ என்கிறது, கண் ‘அசைகிறாய்’ என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் வருவது அது. 2013இல் ஐஃபோனின் ஐ.ஓ.எஸ். 7 வந்தபோது அதன் பெரிதாகிப் பாயும் அசைவுகளால் குமட்டுகிறது என்று பலர் முறையிட, ஆப்பிள் அசைவைக் குறைக்கும் வசதியை விரிவாக்கியது. 2018இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 அணுகல் விதிகள், இணையப் பக்கத்தில் பயனரின் செயலால் தூண்டப்படும் அசைவை நிறுத்தும் வழி இருக்க வேண்டும் என்கின்றன. ஸ்லைடு விஷயத்தில் நடைமுறை இதுதான்: திரை முழுவதும் நகரும் ‘புஷ்’, பெரிய படத்தின் ‘ஃப்ளை இன்’ ஆகியவை தொல்லை தருபவை. பொருள் தன் இடத்திலேயே நின்றபடி வெளிப்படும் ‘வைப்’ அப்படி இல்லை. அதிலும் திசை உண்டு, நகர்வு இல்லை. இணையவழிக் கூட்டத்தில் இணைப்பு மந்தமாகும்போது முழுத் திரை நகர்வு விட்டுவிட்டுக் குதிக்கும். துடைப்பு அவ்வளவு கெடாது. திசை தேவை, ஆனால் ஓட்டம் தேவையில்லை என்ற நிலையில் ‘வைப்’தான் என் தேர்வு. அரங்கில் பத்துக்கு ஏழெட்டு இடத்தில் நிலைமை இதுவாகத்தான் இருக்கும்.

பி.டி.எஃப். ஆக்கி அனுப்பும்போது அசைவும் திசையும் எதுவுமே போவதில்லை, எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். ஸ்லைடைக் கோப்பாக மட்டும் பெறுகிறவர்களுக்குப் புயல் எந்தப் பக்கம் போனது என்று சொல்ல, வரைபடத்திலேயே பாதையை அம்புக்கோடாக வரைந்து தேதிகளையும் எழுதிவிட வேண்டும்.

வகுப்புக்கோ கூட்டத்துக்கோ ஸ்லைடு செய்து முடித்ததும் ‘செட் அப் ஸ்லைடு ஷோ’வில் ‘ஷோ வித்அவுட் அனிமேஷன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்து ஒருமுறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். எந்த ஸ்லைடில் ஒன்றும் குறையவில்லையோ அங்கே அசைவையே எடுத்துவிடலாம். எந்த ஸ்லைடில் ஏதோ விட்டுப்போனதுபோல் தெரிகிறதோ அங்கே மட்டும் ‘எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்’ திறந்து, திசையை நீங்களே தேர்ந்தெடுங்கள்.